ஜப்பானின் கதைப்புத்தக உணவகங்களில் சாப்பிட: முன்பதிவு முதல் பில் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் ராமென், சுஷி என்று பட்டியல் போட்டுவிட்டு, கடைசி வரியில் 'நேரம் இருந்தால் ஒரு தீம் கஃபே' என்று எழுதி வைப்பார்கள். அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சிறுவயதில் படித்த ஒரு கதைக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிடும் வாய்ப்பை இவ்வளவு அக்கறையோடு உருவாக்கித் தரும் ஊர் வேறு இல்லை என்பது என் எண்ணம். ஆனால் திட்டமில்லாமல் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வாசலில் 'இடமில்லை' என்பார்கள். இடம் கிடைத்தால் மெனுவில் சாப்பிட எதுவும் இருக்காது. அல்லது பில்லில் புரியாத ஒரு தொகை சேர்ந்திருக்கும். இவை எல்லாவற்றையும் முன்கூட்டியே தவிர்க்கலாம்.

முதலில் கதையைத் தேர்ந்தெடுங்கள்

உணவகத்தைத் தேடுவதற்கு முன் எந்தக் கதைக்குள் போக ஆசை என்று முடிவு செய்யுங்கள். ஜப்பானில் இந்த வகையில் அதிகம் தென்படுபவை நான்கு: அற்புத உலகத்துக்குள் விழும் சிறுமி ஆலிஸ், நீர்யானை போல் உருண்டையான மூமின், குறும்பு முயல் பீட்டர் ராபிட், படப்புத்தகக் குட்டி முயல் மிஃபி. ஒன்றுகூட ஜப்பானியக் கதை இல்லை. ஆலிஸும் பீட்டரும் இங்கிலாந்துக்காரர்கள், மூமின் பின்லாந்து, மிஃபி நெதர்லாந்து. நான்குமே ஜப்பானியக் குழந்தைகள் மொழிபெயர்ப்பில் படித்தும் பார்த்தும் வளர்ந்த கதைகள்.

உணவகத்துக்கு ஏற்ற கதை என்றால் ஆலிஸைத்தான் முதலில் சொல்வேன். 1865இல் வெளிவந்த அந்தக் கதை முழுக்கச் சாப்பாடுதான். 'என்னைக் குடி' என்று எழுதிய குப்பியைக் குடித்தால் ஆள் சுருங்குகிறாள், 'என்னைச் சாப்பிடு' என்ற கேக்கைத் தின்றால் வளர்கிறாள். காளானின் ஒரு பக்கம் உயரமாக்கும், மறுபக்கம் குள்ளமாக்கும். முடிவே இல்லாத தேநீர் விருந்து ஒன்று நடக்கிறது. கடைசியில் நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கும் திருடுபோன டார்ட் பற்றியதுதான். ஒரு சமையல்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

மூமின் வேறு மாதிரி. டூவே யான்சன் எழுதிய அந்தக் கதைகளில் வீட்டுக்கு யார் வந்தாலும் மூமின் அம்மா ஒரு தட்டும் ஒரு படுக்கையும் போட்டுவிடுவாள். டோக்கியோவில் டோக்கியோ டோம் சிட்டியின் லாகுவா வளாகத்தில் இருக்கும் மூமின் கஃபே உலகம் முழுக்கப் பேசப்பட்டதற்குக் காரணமும் இந்த விருந்தோம்பல்தான். அங்கே தனியாக வரும் விருந்தாளியின் எதிர் நாற்காலியில் பெரிய மூமின் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். படத்தை மட்டும் பார்த்தால் வெறும் வேடிக்கையாகத் தெரியும். கதை தெரிந்தவர்களுக்கு, அது கதையின் குணத்தை அப்படியே எடுத்து மேசையில் வைத்த செயல் என்று புரியும்.

பீட்டர் ராபிட் 1902இல் புத்தகமாக வந்தது. அடுத்தவர் தோட்டத்தில் புகுந்து கீரையும் பீன்ஸும் முள்ளங்கியும் தின்று வயிறு வலித்துப்போன முயலுக்கு, அம்மா சாமந்தி வகைப் பூவில் போட்ட கமோமைல் டீ கொடுத்துப் படுக்க வைக்கிறாள். பேச்சைக் கேட்ட மற்ற மூன்று முயல்களுக்கும் ரொட்டி, பால், பிளாக்பெர்ரி. தோட்டத்துக் காய்கறியை முன்னிறுத்தும் கஃபே இந்தக் கதைக்குப் பொருத்தம். மிஃபி ஒரு வயதுக் குழந்தைக்கும் பிடிக்கும். ஒய்தா மாகாணத்தின் யுஃபுயின், கியோட்டோவின் அராஷியாமா ஆகிய இரண்டு சுற்றுலா ஊர்களில் மிஃபி கடைகள் உண்டு. கைக்குழந்தையோடு போகிறவர்கள் அந்தப் பக்கம் பாருங்கள்.

நல்ல கதை உணவகத்தைக் கண்டுபிடிக்க நான் சொல்லும் ஒரே சோதனை இது: மெனுப் படங்களைப் பாருங்கள். உணவு கதையிலிருந்து வந்திருக்கிறதா, வெறுமனே காப்பி நுரையில் முகம் மட்டும் அச்சடித்திருக்கிறார்களா? முதல் வகைக்குப் பயணம் செய்து போகலாம். இரண்டாவது வகை, போகிற வழியில் இருந்தால் போதும்.

அந்தக் கதையை ஒருமுறை படித்துவிடுங்கள்

இதைத் தனிப் படியாகவே சொல்கிறேன், அவ்வளவு முக்கியம். ஆலிஸ் உணவகத்தில் வெள்ளை ரோஜாவுக்கு அரைகுறையாகச் சிவப்புச் சாயம் பூசியிருந்தால் அது அலங்காரப் பிழை கிடையாது. தவறான நிறத்தில் செடி நட்டுவிட்ட சீட்டுக்கட்டுத் தோட்டக்காரர்கள், ராணி தலையை வாங்கிவிடுவாளே என்று பயந்து அவசரமாகப் பூசிய சாயம். படித்துவிட்டுப் போனால் சுவரும் தட்டும் பேசும், படிக்காமல் போனால் அழகான அறை மட்டும்தான். குழந்தைகள் கூட வந்தால் முந்தின இரவு படுக்கையில் இரண்டு அத்தியாயம் படித்துக் காட்டுங்கள். மறுநாள் அவர்களே உங்களுக்கு வழிகாட்டுவார்கள்.

கடை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்

டோக்கியோவின் ஆலிஸ் உணவகங்களைப் பிரபலமாக்கியது டயமண்ட் டைனிங் என்ற நிறுவனம். அதன் நிறுவனர் அட்சுஹிசா மாட்சுமுரா 2001இல் கின்சாவில் ரத்தக்காட்டேரி தீமில் ஒரு கஃபேயோடு தொடங்கினார். நூறு கடை, நூறும் வெவ்வேறு கருப்பொருள் என்பது அவருடைய இலக்கு. 2010இல் அதை எட்டியும் விட்டார். கின்சாவிலும் ஷின்ஜுகுவிலும் 'புதிர்க்கோட்டை நாட்டு ஆலிஸ்', 'படப்புத்தக நாட்டு ஆலிஸ்' என்று ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவமைப்பில் திறந்தார்கள். ராட்சதத் தேநீர்க் கோப்பைக்குள் இருக்கை, புத்தகப் பக்கங்களால் ஆன நடைபாதை, நீலச் சட்டையும் வெள்ளை ஏப்ரனும் போட்ட பணியாளர்கள் என்று இணையத்தில் நீங்கள் பார்த்திருக்கும் படங்கள் பெரும்பாலும் இவற்றுடையவை.

ஆனால் தீம் உணவகத்தின் ஆயுள் குறைவு. வாடகை அதிகம், புதுமை தீர்ந்ததும் கூட்டம் குறையும். கொரோனா காலத்தில் பல கடைகள் மூடின. அதனால் பழைய பயணக் கட்டுரையை நம்பிக் கிளம்பாதீர்கள். மூன்றைப் பாருங்கள்: கடையின் சொந்தத் தளம், கூகுள் வரைபடத்தில் கடந்த ஒரு மாதத்துக்குள் போட்ட படங்கள், தாபெலோக் என்ற ஜப்பானிய உணவக மதிப்புரைத் தளத்தில் அந்தக் கடைப் பக்கம். தாபெலோக்கில் மூடிய கடைக்கு மேலேயே அறிவிப்பு இருக்கும். வார விடுமுறை எந்த நாள் என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு

சனி, ஞாயிறு, ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை வரும் கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் விடுமுறை ஆகிய நாட்களில் முன்பதிவில்லாமல் போகவே வேண்டாம். வார நாளில், மதியக் கூட்டம் முடிந்த பிறகு இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

தாபெலோக், குருநாவி, ஹாட் பெப்பர், டேபிள்செக் ஆகியவை வழக்கமான தளங்கள். ஜப்பானியப் பக்கத்தில் பெயரைக் கத்தகானா என்ற, வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தில் கேட்கும், ரோமன் எழுத்தைப் போட்டால் ஏற்காது. உங்கள் பெயரைக் கத்தகானாவில் மாற்றித் தரும் தளங்கள் இருக்கின்றன, ஒருமுறை மாற்றி போனில் சேமித்துக்கொள்ளுங்கள். ஜப்பானியத் தொலைபேசி எண் கேட்டால், தங்கும் விடுதியில் சொல்லி அவர்களையே பதிவு செய்யச் சொல்வது நல்லது. முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள்.

பதிவு செய்யும்போது இரண்டு வழி இருக்கும். இருக்கைக்கு மட்டும் பதிவு, அல்லது கோர்ஸ் எனப்படும் முழுச் சாப்பாட்டுப் பதிவு. சைவம் சாப்பிடுகிறவர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் கோர்ஸ் பக்கமே போகாதீர்கள். அதில் மாற்றம் கேட்பது கடினம். இருக்கை மட்டும் போதும். குறிப்புப் பெட்டியில் உணவுக் கட்டுப்பாட்டையும், பிறந்தநாள் ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். இனிப்புத் தட்டின் ஓரத்தில் சாக்லேட்டால் பெயர் எழுதித் தரும் பழக்கம் ஜப்பானில் பரவலாக உண்டு. அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வர முடியாவிட்டால் ரத்து செய்துவிடுங்கள். சொல்லாமல் வராமல் விடுவது அங்கே பெரிய மரியாதைக்குறைவு, கட்டணமும் பிடிப்பார்கள்.

எந்த நேரத்துக்குப் பதிவு செய்வது? என் ஓட்டு பிற்பகலுக்கு. இந்த உணவகங்களின் உழைப்பெல்லாம் இனிப்பிலும் பானத்திலும்தான் இருக்கிறது. பாஸ்தாவும் பீட்சாவும் சாதாரணம், விலை மட்டும் கூடுதல். மதியம் வேறெங்காவது நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, இங்கே தேநீர் நேரத்துக்கு வந்து இரண்டு இனிப்பு வாங்குவது பணத்துக்கும் வயிற்றுக்கும் நல்லது. மாலையில் மட்டும் திறக்கும் கடையாக இருந்தால், திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். உள்ளே ஆள் குறைவாக இருக்கும்போதுதான் அறையை முழுசாகப் பார்க்க முடியும்.

வாசலைக் கண்டுபிடிப்பது

டோக்கியோவில் இந்த மாதிரிக் கடைகள் தெருவைப் பார்த்து இருப்பது அபூர்வம். பல மாடிக் கட்டடத்தின் ஐந்தாவது தளத்திலோ அடித்தளத்திலோ இருக்கும். கட்டடத்தின் பக்கவாட்டில் செங்குத்தாகத் தொங்கும் பலகையில் தளவாரியாகக் கடைப் பெயர்கள் இருக்கும், அதைப் பாருங்கள். ஜப்பானில் தரைத்தளம்தான் முதல் தளம். அவர்கள் ஐந்தாம் தளம் என்றால் நம் கணக்கில் நான்காவது மாடி. குறுகலான சாதாரண லிஃப்டில் ஏறி, கதவு திறந்ததும் நேரே கதைக்குள் கால் வைப்பீர்கள். அந்த நொடி நன்றாக இருக்கும்.

ஷின்ஜுகுவின் கபுகிச்சோ பகுதியில் கடை இருந்தால், தெருவில் வந்து 'அந்தக் கடை நிரம்பிவிட்டது, நான் வேறு இடம் காட்டுகிறேன்' என்று சொல்பவர்களோடு போகாதீர்கள். அதிகப் பணம் பறிக்கும் மதுக்கடைகளுக்கு ஆள் பிடிப்பவர்கள் அவர்கள். நேராகக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

வாசலில் 'யோயாகு ஷிதா' என்று தொடங்கி, உங்கள் பெயரைச் சொல்லி, 'தெஸ்' என்று முடித்தால் முன்பதிவு செய்தவர் என்று புரிந்துகொள்வார்கள்.

உட்கார்ந்ததும்

முதலில் ஈரத்துண்டு வரும், ஓஷிபோரி என்பார்கள். கை துடைக்க மட்டும், முகத்துக்கு வேண்டாம். தண்ணீர் இலவசம். பை வைக்க மேசையடியிலோ பக்கத்திலோ ஒரு கூடை இருக்கும். மேசையில் பொத்தானோ மணியோ இருந்தால் அதை அழுத்தித்தான் பணியாளரை அழைக்க வேண்டும், அவர்களாக வந்து வந்து கேட்கமாட்டார்கள். பொத்தான் இல்லையென்றால் கையைக் கொஞ்சம் உயர்த்தி 'சுமிமாசென்' என்று குரல் கொடுங்கள்.

மூன்று விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும் என்பது பல கடைகளில் கட்டாயம், குழந்தைக்கு விலக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருக்கை நேரம் ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம்தான், முடிவதற்கு அரை மணி முன்பு கடைசி ஆர்டர் கேட்பார்கள். மாலை நேரக் கடைகளில் நீங்கள் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும். அது ஓதோஷி. இருக்கைக் கட்டணம் மாதிரி, ஆளுக்குச் சில நூறு யென் பில்லில் சேரும். மோசடி என்று நினைத்துச் சண்டை போட வேண்டாம், மதுவகை விற்கும் உணவகங்களில் அது வழக்கம். அதில் மீனோ இறைச்சியோ இருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

என்ன வாங்குவது, எதைத் தவிர்ப்பது

நம் ஊர்க்காரர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் முதலில் ஹம்பாகு என்ற பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். இதய வடிவம், முயல் வடிவம், காளான் வடிவம் என்று அழகழகாக வரும் அந்த வட்டுகள் பெரும்பாலும் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் கலந்து அரைத்தவை. மேலே ஊற்றும் கரும்பழுப்பு டெமிகிளாஸ் சாஸ் மாட்டெலும்பு ரசத்தில் செய்வது. கறி ரைஸ், அதாவது குழம்பு ஊற்றிய சோறு, பார்க்கச் சைவம் போலத் தெரிந்தாலும், அந்தக் குழம்புக்குக் கரைக்கும் கடை மசாலாக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்வது வழக்கம். தூங்கும் பொம்மை மேல் முட்டைப் போர்வை போர்த்தியது போல் வரும் ஓம்ரைஸ் என்ற ஆம்லெட் சோற்றுக்குள் பெரும்பாலும் கோழித்துண்டு இருக்கும்.

சைவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. சூப்பிலும் சாஸிலும் தாஷி எனப்படும் சாறு சேரும், அது பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் எடுத்தது. சீசர் சாலட்டின் மேல் பன்றி இறைச்சித் துணுக்கு தூவுவார்கள், கிரீம் பாஸ்தாவிலும் அதே. 'நிகு தோ சகானா வா தாபெராரெமாசென்', அதாவது இறைச்சியும் மீனும் சாப்பிட முடியாது, என்று சொல்லுங்கள். வெறும் 'சைவம்' என்று சொன்னால் மீன் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். மார்கரீட்டா பீட்சா, உருளைக்கிழங்கு வறுவல், ரொட்டி ஆகியவை ஓரளவு பாதுகாப்பு. வறுக்கும் எண்ணெய் பொது என்பதால் அதுவும் ஆகாதவர்கள் ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனிப்புக்கு வந்தால் கவனிக்க வேண்டியது ஜெலட்டின். கதை உணவகத்தின் கவர்ச்சியான இனிப்புகள், அதாவது பளபளக்கும் ஜெல்லி, ஆடி நிற்கும் பன்னா கோட்டா, அடுக்கடுக்கான மூஸ், மேலே ஒட்டியிருக்கும் மார்ஷ்மெல்லோ எல்லாம் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டினில் நிற்பவை. 'ஸெராச்சின் வா ஹைத்தே இமாஸ் கா' என்று கேட்டால் உள்ளே போய் விசாரித்துவிட்டு வருவார்கள், அசட்டையாகப் பதில் சொல்லமாட்டார்கள். கடற்பாசியில் செய்யும் கன்தென் ஜெல்லி என்றால் தாராளமாகச் சாப்பிடலாம். முட்டை சேர்த்துக்கொள்பவர்களுக்கு ஷிஃபான் கேக், பான்கேக், பழ டார்ட் உண்டு. முட்டையும் வேண்டாம் என்றால் பழம், பானம் என்று சுருங்கிவிடும். அதை மனதில் வைத்துக்கொண்டு போனால் வருத்தம் இருக்காது.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. ஜப்பானில் பொட்டல உணவுகளில் இறால், நண்டு, வால்நட், கோதுமை, பக்வீட், முட்டை, பால், வேர்க்கடலை உள்ளிட்டவற்றைக் குறிப்பிடுவது கட்டாயம். உணவகங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்றாலும், கேட்டால் பல கடைகளில் அட்டவணையே எடுத்து வந்து காட்டுவார்கள்.

சரி, எதை வாங்கலாம்? கதையில் வரும் பொருளை வாங்குங்கள். ஆலிஸ் என்றால் குப்பியில் வரும் பானம், டார்ட், தேநீர். மூமின் என்றால் ரொட்டியும் பான்கேக்கும். பீட்டர் என்றால் காய்கறியும் மூலிகைத் தேநீரும். கோப்பையோடு சேர்த்து வாங்கினால் அந்தக் கோப்பையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்ற வகை மெனுவும் உண்டு. தனியாகக் கடையில் வாங்கும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாப்பிடும்போது

உங்கள் மேசையையும் தட்டையும் தாராளமாகப் படம் எடுக்கலாம். மற்ற விருந்தாளிகளின் முகம் படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இதில் ஜப்பானியர்கள் மிகவும் கவனமானவர்கள். பணியாளர்களைப் படம் எடுக்க 'ஷாஷின் ஓ தொத்தே மோ ஈ தெஸ் கா' என்று கேட்டு அனுமதி வாங்குங்கள். மேசையில் உட்கார்ந்து போனில் பேசாதீர்கள். ஐஸ்கிரீமும் நுரையும் ஐந்து நிமிடம் தாங்காது, அதனால் முதல் இரண்டு படத்தோடு நிறுத்திவிட்டுச் சாப்பிடத் தொடங்குங்கள். வடிவம் கலைந்த பிறகு சுற்றிப் பார்க்க நேரம் நிறைய இருக்கிறது: விளக்கு, மெனு அட்டையின் பின்பக்கம், கழிப்பறைக் கதவு. வடிவமைப்பாளர்கள் சின்னச் சின்ன விஷயங்களை இப்படிப்பட்ட மூலைகளில்தான் ஒளித்து வைப்பார்கள். மிச்சத்தைக் கட்டித் தரச் சொன்னால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள், அளவாக வாங்குங்கள்.

பில்

பெரும்பாலும் வாசலருகே உள்ள கவுண்டரில் கட்ட வேண்டும். 'ஒகைகே ஒனெகாய் ஷிமாஸ்' என்றால் பில் தருவார்கள். பணத்தைக் கையில் நீட்டாமல் அங்கிருக்கும் சின்னத் தட்டில் வையுங்கள். டிப்ஸ் வேண்டாம், வைத்தால் ஓடிவந்து திருப்பித் தருவார்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் நுகர்வு வரி 10 சதவீதம், பொட்டலம் வாங்கினால் 8. சில கடைகள் இரவில் சேவைக் கட்டணமும் சேர்க்கும். தேநீரும் ஒரு இனிப்புமாக ஆளுக்குச் சுமார் 2,000 யென், முழு இரவுச் சாப்பாடு என்றால் 4,000 முதல் 6,000 யென் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது 'கோச்சிசோசாமா தெஷிதா' என்று சொன்னால் பணியாளர் முகம் மலரும்.

முன்பதிவு கிடைக்கவில்லையா?

டோக்கியோ டிஸ்னிலேண்டுக்குப் போகும் திட்டம் இருந்தால் அங்கேயே ஒரு வழி இருக்கிறது. ஃபேன்டசிலேண்ட் பகுதியில் 1998இல் திறந்த குயின் ஆஃப் ஹார்ட்ஸ் பேங்க்வெட் ஹால் இருக்கிறது. ஆலிஸ் கதையின் இதய ராணி நடத்தும் விருந்து மண்டபம் அது. சீட்டுக்கட்டு வீரர்கள், இதய வடிவ நாற்காலி, வண்ணக் கண்ணாடி ஜன்னல் எல்லாம் உண்டு. முன்பதிவு தேவையில்லை. வரிசையில் நின்று, தட்டை எடுத்துக்கொண்டு, கவுண்டர் வழியாக நகர்ந்து வேண்டியதை வாங்கி, கடைசியில் பணம் கட்டிவிட்டு உட்கார வேண்டியதுதான். உணவைக் கண்ணால் பார்த்து எடுக்கலாம் என்பது மொழி தெரியாதவர்களுக்குப் பெரிய வசதி. இதய வடிவ ஹம்பாகு அங்கே பிரபலம், தவிர்க்க வேண்டியவர்கள் தவிர்த்துவிடுங்கள். 'பிறந்தநாள் அல்லாத நாள்' கேக்கைக் கட்டாயம் பாருங்கள். வருடத்தில் 364 நாளும் பிறந்தநாள் அல்லாத நாள்தானே, அதைக் கொண்டாடுவோம் என்பது அந்தக் கதையுலகின் கணக்கு. பூங்கா நுழைவுச்சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது என்பதால் சாப்பாட்டுக்காக மட்டும் போகிற இடமில்லை இது. பதினோரு மணிக்கு முன்போ இரண்டரைக்குப் பிறகோ போனால் வரிசை குறைவாக இருக்கும்.

மூமின் பிடித்தவர்களுக்கு ஒரு நாள் பயணமாக, சைதாமா மாகாணத்தின் ஹன்னோ ஊரில் ஏரிக்கரையில் 2019இல் திறந்த மூமின்வேலி பார்க் இருக்கிறது. இக்கெபுகுரோவிலிருந்து செய்பு ரயிலில் ஹன்னோ போய், நிலையத்திலிருந்து பேருந்து பிடிக்கலாம். சாப்பிடும் இடமும் பூங்காவுக்குள்ளேயே உண்டு. வார நாளில் காலையிலேயே கிளம்பிவிடுங்கள், மாலையில் சீக்கிரம் மூடிவிடுவார்கள்.